பாம்புச் செள்ளும் ஒரு கழுவாத பையும்

என் வீட்டில் கழுவாத துணிப்பை ஒன்று இருக்கிறது. அது இருக்கும்வரை நான் வேலைக்குப் போக முடியாது. போகக் கூடாது என்று அங்கே கதவில் எழுதி ஒட்டியதே நான்தான்.

வேலை என்றால் பாம்புகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. செஞ்சியில் ஒரு பல் டாக்டர் வீட்டு மாடியில் மலைப்பாம்புகள் இருக்கின்றன. நம் காட்டில் பிடித்தவை இல்லை. ஆப்பிரிக்க ஜாதி, கூண்டிலேயே பிறந்தவை, அரசாங்கத்தில் பதிவு செய்து காகிதம் வாங்கியவை. பயந்தால் தலையை நடுவில் வைத்துக்கொண்டு பந்து போலச் சுருண்டுவிடும். ஏழு வருடம் அவற்றைப் பார்த்துக்கொண்டேன். இப்போது எனக்கு இருபத்தேழு வயது.

என் இடத்துக்கு வந்திருக்கும் பவித்ரா காலேஜ் முடித்தவள். போன வாரம் போன் செய்தாள்.

“சத்யாக்கா, நீங்க லீவுன்னுதான் டாக்டர் சொல்றாரு. எத்தினி நாளைக்கிக்கா லீவு?”

“தெரியல. ரிடையர்னே வெச்சிக்கோ.”

“இருவத்தேழு வயசுல ரிடையரா? அப்ப ஒண்ணு பண்ணுங்க. செள்ளு வந்தா இன்னா பண்ணணும்னு எழுதிக் குடுங்க. புக்கு பூரா இங்கிலீஷு. நீங்க சொன்னாதான் எனக்குப் புரியிது.”

கோழிக்கு வருமே, செள்ளு, அதே போல ஒரு பூச்சி பாம்புக்கும் வரும். அதைத்தான் கேட்டாள். நான் எட்டாவது வரை படித்தவள். எழுத உட்கார்ந்தால் செள்ளைப் பற்றி இரண்டு வரி வருகிறது, மூன்றாவது வரியில் ஏழுமலை வந்துவிடுகிறார். ஏழுமலை என் வீட்டுக்காரர். அவர் போய் இன்றோடு முப்பத்திரண்டு நாள். அவரை எடுத்துவிட்டுச் செள்ளைப் பற்றி மட்டும் எழுத எனக்குத் தெரியவில்லை. அதனால் இரண்டையும் எழுதுகிறேன். பவித்ரா தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும்.

முதலில் கீழே கிளினிக்கில்தான் வேலைக்குச் சேர்ந்தேன். பெருக்குவேன், துடைப்பேன், கருவிகளைக் கழுவிக் கொதிக்க வைப்பேன். ஒரு வாயில் வைத்ததைக் கொதிக்காமல் இன்னொரு வாயில் வைக்கக் கூடாது. அங்கே நான் கற்ற முதல் பாடம் அது. சில மாதம் போனதும் டாக்டர் ஒருநாள், “மேல ஒரு ரூம் இருக்குதுங்க. பயம் இல்லன்னா வந்து பாருங்க” என்றார். பயம் இருந்தது. போனேன். ஒரு மாதம் தண்ணீர்க் கிண்ணம் மட்டும் மாற்றினேன். அடுத்த மாதம் தொட்டேன். வழவழவென்று ஈரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். புதுச் செருப்பு வார் போல உலர்ந்து இருந்தது.

டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரலை உயர்த்தவே மாட்டார். எல்லோரையும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். பாம்பையும். “கொஞ்சம் தலய திருப்புங்க. அவ்ளோதான். முடிஞ்சிதுங்க” என்று பல் பிடுங்க வந்த ஆளிடம் சொல்வது போலவே சொல்வார். பாம்புகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். பல் டாக்டர்கள் வாயை நாலாகப் பிரித்து ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் எண் வைத்திருக்கிறார்கள். அந்த எண்களை அப்படியே பாம்புகளுக்கு வைத்துவிட்டார். பதினொன்று, இருபத்திரண்டு, நாற்பத்தொன்று என்று. இருப்பதில் மூத்தது, பெரியது, முப்பத்தாறு.

“அது கீழ எடதுபக்கத்து மொதல் கடவாய்ப் பல்லுங்க. ஆறு வயசுல மொளைக்கும். மொளச்சி ரொம்ப உழைக்கும். ஜனங்க மொதல்ல பறிகுடுக்கறதும் அதத்தான்” என்றார்.

வீட்டில் வந்து இதைச் சொன்னேன். ஏழுமலை ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பாம்புக்குப் பல்லு நம்பரா? நான் போயி பல்ல காட்டுனா, இது நாகம், இது விரியன்னு சொல்வாரா உங்க டாக்டரு?”

“உன் பல்லெல்லாம் ஹான்ஸ் பொகையில போட்டுக் கறுத்துக் கெடக்குது. அட்டக்கரின்னுதான் சொல்வாரு.”

பாம்பைச் சோதிக்கும்போது டாக்டர் முழங்கை வரை கை கழுவுவார். நெற்றியில் விளக்கு, கண்ணில் பெரிதாகக் காட்டும் கண்ணாடி. வாய்க்குள் விட்டுப் பார்க்கிற வட்டக் கண்ணாடிக் குச்சியைப் பாம்பின் தாடைக்கு அடியில் பிடித்து, அதில் தெரிவதைப் பார்ப்பார். பாம்பைப் புரட்ட வேண்டியதே இல்லை. உதட்டோரத்தில் வரிசையாகச் சின்னக் குழிகள் இருக்கும், அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பார்த்ததை நோட்டில் எழுதுவார். எதை எங்கே வைத்தாலும் ஒரு சீட்டு ஒட்டுவார். அதில் இரண்டு சொல் கட்டாயம் இருக்கும். ‘உள்ளே’ என்று போட்டு வைத்த தேதி. ‘வெளியே’ என்று போட்டு எடுக்க வேண்டிய தேதி. பாம்புகளுக்குத் தீனியாக ஃப்ரீசரில் வெள்ளெலி வைத்திருப்போம், அந்த எலிப் பொட்டலத்திலும் இரண்டு தேதி.

ஏழுமலைக்கும் பாம்புதான், ஆனால் வேறு விதம். வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டது என்று யாராவது போன் செய்தால் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போவார். பிடித்துப் பையில் போட்டு வனத்துறை ஆட்களிடம் கொடுத்துவிடுவார். பைகளைத் தைத்தது நான். பழைய வேட்டியைக் கிழித்து, அடிப்பக்கம் மடித்து இரட்டைத் தையல் போட்டு, கழுத்தை நீளமாக விட்டுத் தைப்பேன். பாம்பு உள்ளே போனதும் கழுத்தை முறுக்கி, மடக்கி, முடிச்சுப் போட்டு, வால்நுனியை உள்ளே செருகி மறுபடி ஒரு முடிச்சுப் போடுவார். அவர் ஒரு கையால் அவிழ்ப்பார். நான் இரண்டு கையாலும் பல்லாலும் முயன்றால் கூட அவிழாது.

“ஏன்யா, மனுசங்க அவுக்கற மாதிரி முடிச்சி போட மாட்டியா?”

“என் முடிச்சி. நான்தான் அவுப்பேன்.”

என் தப்பு குரங்கால் வந்தது. மலையிலிருந்து இறங்கும் குரங்குகள் மொட்டைமாடிக் கொடியில் எதையும் விட்டுவைக்காது. டாக்டருடைய வெள்ளைக் கோட் ஒன்றையே ஒருமுறை ஒரு குரங்கு இழுத்துக்கொண்டு போய்ப் பாறைமேல் விரித்து உட்கார்ந்திருந்தது. அதனால் ஏழுமலையின் பைகளை நான் பாம்பு ரூமுக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்துவேன். துவைத்துத்தான் போடுவேன். அன்று ஒருநாள் மட்டும் துவைக்கவில்லை. “ஒரு சாரப் பாம்பு, ஒரு மணி நேரந்தான் உள்ள இருந்துச்சி. சுத்தமாதான் இருக்குது” என்று காலையில் கொடுத்துவிட்டுப் போனார். முகர்ந்து பார்த்தேன். வாடை இல்லை. நாளைக்குத் துவைக்கலாம் என்று கொடியில் போட்டேன். கொடிக்கு நேர் கீழே முப்பத்தாறின் பெட்டி. மறந்தும் போனேன். மூன்று வருடம் முன்னால் நடந்தது இது.

சில வாரம் கழித்து, முப்பத்தாறு தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடந்தது. வெயில் காலம், மலை முழுக்கச் சுட்டு ஊரே வெந்துகொண்டிருந்தது, அதுதான் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் எழுந்திருக்கவில்லை. பாம்பைத் தூக்கிவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்தால் அடியில் மிளகுத் தூள் சிந்தியது போலக் கறுப்பு. ஒன்றை விரலில் எடுத்து நசுக்கினேன். ரத்தம். பாம்பின் கண்ணைச் சுற்றி அதே புள்ளிகள், நகர்ந்துகொண்டு. செதிலின்மேல் சாம்பல் தூவியது போல அவற்றின் எச்சம்.

கொடியில் இன்னும் பை தொங்கியது. இறக்கி அடித்தையலைப் பிரித்துப் பார்த்தேன். நான் மடித்துப் போட்ட மடிப்புக்குள் ஊர்ந்துகொண்டிருந்தன. பவித்ரா, செள்ளு பாம்பின்மேல் குடியிருப்பதில்லை. சாப்பிடத்தான் ஏறும். முட்டை போடுவது இடுக்கில். மரக்கட்டை வெடிப்பில், பெட்டி மூலையில், துணி மடிப்பில். பாம்பை மட்டும் சுத்தம் செய்தால் அடுத்த வாரமே திரும்ப வரும்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்ததெல்லாம், டாக்டர் சென்னைக்குப் போயிருக்கிறார், மறுநாள் காலை வருவார், அதற்குள் சரி செய்துவிட வேண்டும் என்பதுதான். சிங்கவரத்தில் நைனா, என் அப்பா, அவர் வீட்டில் மாட்டு உண்ணி மருந்து இருந்தது. மாட்டுக்கு ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மூடி ஊற்றித் துணியால் துடைப்போம். பாம்பு சின்னது என்று கால் மூடி எடுத்தேன். ஆனால் வாளிக்குப் பதில் ஒரு சொம்புத் தண்ணீர். கால் மூடி குறைவு என்றுதான் என் மனதில் இருந்தது. தண்ணீர் எவ்வளவு குறைந்தது என்று நினைக்கவே இல்லை. மாடு வளர்த்தவள் செய்கிற தப்பு அது.

முதலில் முப்பத்தாறுக்குப் போடவில்லை. நாற்பத்தொன்றுக்குப் போட்டேன். இருப்பதிலேயே சின்னது அது, வந்து ஆறு மாதம்தான். அதன்மேல் நாலைந்து புள்ளிதான் இருந்தது. ஏதாவது ஆனால் சின்னதோடு போகட்டும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று இப்போதுதான் முதல்முறை எழுதுகிறேன்.

சாயங்காலம் நாற்பத்தொன்று வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. மல்லாத்திப் போட்டால் எந்தப் பாம்பும் உடனே புரண்டுகொள்ளும். இது புரளவில்லை. தலையை ஒரு பக்கமாகத் தூக்கி எதையோ தேடுவது போல ஆட்டியது. வெதுவெதுப்பான தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினேன். மடியிலேயே வைத்திருந்தேன். விடிந்தபோது ஆடவில்லை.

ஏழுமலை வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார்.

“ஏய், அழாத. பை என்னுது. என்னாலதான்னு நான் சொல்றேன்.”

“பை உன்னுது. தொங்க உட்டது யாரு? மருந்து போட்டது யாரு?”

“நீ வாய மூடு. உனக்கு வேல போயிடும்.”

“நீ மூடுய்யா.”

அந்த நேரத்தில் டாக்டர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஒருத்தர் ஒருத்தரா சொல்லுங்க” என்றார். நான் சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன், சின்னதோடு போகட்டும் என்று நினைத்ததைத் தவிர.

டாக்டர் மேலே போய் முழங்கை வரை கை கழுவினார். நாற்பத்தொன்றை வெள்ளைத் துணியில் கிடத்தினார். செத்த பாம்புதான், இருந்தாலும் நெற்றி விளக்கைப் போட்டு, கண்ணாடிக் குச்சியைத் தாடைக்கு அடியில் பிடித்து, ஒவ்வொரு குழியாகப் பார்த்தார்.

“செள்ளு போயிருக்குதுங்க” என்றார்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஏங்க எனக்கு போன் பண்ணல?”

“பயமா இருந்துச்சி டாக்டர்.”

“வேல போயிடும்னா?”

“இல்ல டாக்டர். இவர இனிமே இங்க வரக் கூடாதுன்னு சொல்லிடுவீங்கன்னு.”

“அத சொல்லத்தாங்க போறேன்” என்று ஏழுமலை பக்கம் திரும்பினார். “நீங்க ரூமுக்குள்ள வரக் கூடாதுங்க. காட்டுப் பாம்பு தொடற கை. ஆனா கேட்டுக்கு வெளிய வேல இருக்குது. செய்வீங்களா?”

செய்தார். நாற்பது நாளுக்கு மேல் செய்தார். கேட்டுக்கு வெளியே மூன்று கல் வைத்து, தகர டிரம்மை ஏற்றி, காலையில் சவாரிக்குப் போகும் முன் தண்ணீர் கொதிக்க வைப்பார். பெட்டி, மூடி, கிண்ணம், துணி எல்லாம் அந்தக் கொதியில் போய்த்தான் திரும்பி வரும். நான் கேட்டுக்கு உள்ளேயிருந்து வாளியை நீட்டுவேன். அவர் வெளியேயிருந்து வாங்குவார். கை படாமல் வாங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“கட்டிக்கினு அஞ்சி வருசம் ஆவுது. பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்ளோ தள்ளி நிக்கல” என்பார். ரோட்டில் போகிறவர்கள், “இன்னா ஏழுமல, பிரியாணியா?” என்பார்கள். “பாம்பு சூப்பு. சட்டி எடுத்துக்கினு வா” என்பார்.

மேலே நாங்கள் செய்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். மரக்கட்டை, பட்டை எல்லாவற்றையும் எரித்தோம். பெட்டிக்குள் வெறும் வெள்ளைக் காகிதம் விரித்தோம், கறுப்புப் புள்ளி நகர்ந்தால் தெரியும் என்று. பாம்பை வெதுவெதுப்பான தண்ணீரில், மூச்சு விடத் தலை வெளியே இருக்கும் அளவு ஆழத்தில், அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊறவைத்தோம். தண்ணீருக்குப் பயந்து செள்ளெல்லாம் தலைக்கு ஏறும். அங்கே எண்ணெய் தொட்ட பஞ்சுக் குச்சியோடு நான் காத்திருப்பேன். மருந்து எது, எவ்வளவு என்று டாக்டர் சென்னையில் ஒரு மிருக டாக்டரைக் கேட்டுத்தான் செய்தார். அதையும் பாம்பின்மேல் அடிக்கவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டுக் காலிப் பெட்டிக்குள் அடித்து, காய்ந்த பிறகே பாம்பை விட்டோம். நாலு நாளைக்கு ஒருமுறை இதே வேலை. நோயில்லாத பாம்பில் ஆரம்பித்து, நோயுள்ளதில் முடிக்க வேண்டும். மாற்றிச் செய்தால் நம் கையே வண்டியாகிவிடும்.

கொதிக்க வைக்க முடியாத ஒன்று இருந்தது, டாக்டரின் நோட்டு. பத்து வருட எடைக்கணக்கு, தீனிக்கணக்கு. அதன் தையலுக்குள்ளும் ஒரு செள்ளைக் கண்டுபிடித்தார். அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரீசரில், எலிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். குளிரில் அது பிழைக்காது, முட்டையும் பிழைக்காது. சீட்டு ஒட்டினார். ‘நோட்டு. உள்ளே, வெளியே.’ பத்து நாள்.

“நோட்டுக்கு இன்னா, ஜொரமா?” என்று ஏழுமலை கேட்டிலிருந்து சிரித்தார்.

ஆனால் அவர் சொன்ன ஒன்றை டாக்டர் அந்த நோட்டு வெளியே வந்ததும் முதல் வேலையாக எழுதிக்கொண்டார். “எறும்பு ஏறாம இருக்கறதுக்கு பீரோ காலுக்கடில தண்ணி ஊத்தி வெக்கறோமே. பாம்பு ஸ்டாண்டுக்கும் அப்டி வெச்சா இன்னா?” வைத்தோம். தினமும் அந்தக் கிண்ணங்களில் ஐந்தாறு செத்து மிதந்தன. இன்றைக்கும் அந்தக் கிண்ணங்கள் இருக்கின்றன. பவித்ரா, தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்.

முப்பத்தாறுதான் வெகுநாள் தேறவில்லை. செள்ளு போன பிறகும் சாப்பிடவில்லை. முதுகெலும்பு தெரிய ஆரம்பித்தது. தினமும் போனில் படம் எடுத்துக்கொண்டுபோய் கேட்டில் ஏழுமலைக்குக் காட்டுவேன். அவர் முப்பத்தாறை நேரில் பார்த்ததே கிடையாது. “கண்ணு தெளிவா இருக்குது. துன்னும் பாரு” என்பார் ஒவ்வொரு நாளும். ஒருநாள் மதியம் நான் எலியை இடுக்கியில் பிடித்து நீட்டினேன். நாக்கை நீட்டிக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு ஒரே பாய்ச்சல், மூன்று சுற்று. பாம்பு சாப்பிடும்போது சத்தம் போடக் கூடாது. பூனை போல ரூமை விட்டு வெளியே வந்து, மொட்டைமாடிக்கு ஓடிப்போய், “யோவ்!” என்று கத்தினேன்.

“துன்னுச்சா?”

“துன்னுச்சி!”

தெருவே கேட்டது. டாக்டர் யாருக்கோ பல் அடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே வெளியே வந்து, ஏழுமலையைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினார். கையில் உறை இருந்தது.

அன்றுதான் கதவில் எழுதி ஒட்டினேன். என் கையெழுத்து, என் எழுத்துப் பிழையோடு இன்னும் இருக்கிறது. ‘காட்டுப் பாம்பு பட்ட துணியைக் கொதிக்க வைக்காமல் வீட்டில் வைத்திருப்பவர்கள் இந்த ரூமுக்குள் வரக் கூடாது.’ அதன் பிறகு ஏழுமலை ஒரு பையைக்கூட நேராக வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. வாசலிலேயே டிரம்மில் போட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். டிரம் மூடியைத் திறந்து, “உன் டாக்டருக்கு சொல்லு, வெந்துடுச்சி” என்பார்.

முப்பத்திரண்டு நாள் முன்னால், அவலூர்பேட்டை ரோட்டில், ஒரு வீட்டில் பிடித்த சாரையை வனத்துறையிடம் கொடுக்க வந்துகொண்டிருந்தார். எதிரே லாரி. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் போலீஸ்காரர் ஒருவர் பையைக் கையில் வாங்கப் பயந்து, குச்சியில் மாட்டிக்கொண்டு நின்றார். “யம்மா, இதுல இன்னாமோ நெளியிதும்மா.” சாரை உயிரோடு இருந்தது. உடலைத் தர நேரமாகும் என்றார்கள். நான் வனக்காவலரோடு மலையடிவாரத்துக்குப் போனேன். “இப்ப எங்கடி போற?” என்று நைனா கையைப் பிடித்தார். அது உள்ளே மூச்சு முட்டிக்கொண்டு இருக்கிறதே.

வனக்காவலர் முடிச்சில் கை வைத்தார்.

“அவுக்காதீங்க சார்.”

“பின்ன எப்டிம்மா உடறது?”

முடிச்சுக்குக் கீழே ஏழுமலையின் கட்டைவிரல் தடம் இருந்தது. ஆட்டோ கிரீஸ், கறுப்பாக. நான் வளையலில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்தேன். தையல் என்னுடையது. எந்த நூலை இழுத்தால் பிரியும் என்று எனக்குத் தெரியும். அடிப்பக்கத்தைப் பிரித்துத் தரையில் வைத்தேன். சாரை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பாறை இடுக்கில் போய்விட்டது. புருஷன் செத்த அன்று பாம்பை விட்டுக்கொண்டிருந்தாள் என்று சொந்தக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். பேசட்டும்.

முடிச்சு அப்படியே இருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் டிரம்மை எடுத்து வைத்தேன். தண்ணீர் கொதித்தது. பையைக் கையில் எடுத்தேன். கொதியில் போட்டால் அந்தத் தடம் போய்விடும். அடுப்பை அணைத்தேன். டாக்டருக்கு போன் செய்து, இனி வர மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். “சரிங்க” என்றார். மறுபடி ஒரு தடவை, “சரிங்க” என்றார்.

இதுவரை நான்கு நாள் முன்னால் எழுதி வைத்தேன். முடிக்கத் தெரியாமல் மடித்து வைத்துவிட்டேன். நேற்று மதியம் டாக்டர் ஸ்கூட்டரில் வந்தார். வாசலுக்கு வெளியே செருப்போடு நின்றார்.

“உள்ள வாங்க டாக்டர்.”

“கூடாதுங்க. அந்தப் பை இருக்கற வீட்டுக்குள்ள வந்துட்டு பாம்பு ரூமுக்கு போவ முடியாது. நீங்க எழுதினதுதான்.”

அன்று ஏழுமலை கிளினிக் கேட்டுக்கு வெளியே நின்றது போலவே நின்றார். நான் உள்ளே நின்றேன்.

“சாப்டீங்களா?”

“ம்.”

“இல்லன்னு தெரியிதுங்க.” தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அந்தப் பைல செள்ளு இருந்தாலும், தீனியில்லாம இன்னும் ஒரு மாசம், ஒன்றர மாசம். அப்புறம் அதுங்களே பட்டினியில போயிடும். சும்மா உட்டா போதும். ஆனா அதுவரைக்கும் நீங்களும் கூட சேந்து பட்டினியா கெடக்கணுமான்னு பாத்தேன்.”

நான் திரும்பி உள்ளே இருந்த பையைப் பார்த்தேன்.

“நோட்டுக்கு ஜொரம் வந்துதே, ஞாபகம் இருக்குதுங்களா?”

ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து ஜிப் வைத்த இரண்டு பிளாஸ்டிக் கவர்களை எடுத்தார். “தண்ணி வேணாம். சோப்பு வேணாம். குளிர்ல கற போவாது, முடிச்சியும் அப்டியே இருக்கும். கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர்ல ஓடுது. ஃப்ரீசர்ல ஒரு தட்டு காலி பண்ணிட்டேங்க.”

“எலியெல்லாம்?”

“கீழ, வீட்டு ஃப்ரிட்ஜில. எங்கம்மா ஐஸ்கிரீம் வெக்கற எடத்துல வெச்சிருக்கேன். அவங்க இன்னும் பாக்கல.”

முப்பத்திரண்டு நாளில், இல்லை, நேற்றோடு முப்பத்தைந்து நாளில், முதல்முறை சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தெருவைப் பார்த்தார். நான் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு கவரின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பையை அவர் தொடவில்லை. நான்தான் எடுத்துவந்து, முடிச்சு மேலே இருக்கும்படி உள்ளே வைத்தேன். அதை இன்னொரு கவருக்குள் வைத்தோம். ஸ்கூட்டர் இருக்கையின்மேல் சீட்டை வைத்து எழுதி ஒட்டி, சரியா என்று என்னிடம் காட்டினார்.

இன்று காலையிலிருந்து டிரம்மில் தண்ணீர் கொதிக்கிறது. பாய், போர்வை, என் புடவைகள், அவர் சட்டைகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் போய் வருகின்றன. வீட்டை மூலை முடுக்கெல்லாம் கழுவிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் வருகிறேன், பவித்ரா. முப்பத்தாறு தோல் உரிக்கும் நேரம் இது, கண்மேல் மட்டும் தோல் உரியாமல் நிற்கும், நான் வரும்வரை நீ கை வைக்காதே.

ஃப்ரீசரில் இரண்டாவது தட்டில் ஒரு கவர் இருக்கும். சீட்டில், ‘ஏழுமலை பை. கழுவக் கூடாது. அவிழ்க்கக் கூடாது’ என்று டாக்டர் கையெழுத்தில் இருக்கும். ‘உள்ளே’ என்பதற்குப் பக்கத்தில் நேற்றைய தேதி. ‘வெளியே’ என்று எழுதி, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறார். மறந்துவிட்டார் என்று நினைத்து நீ அதை நிரப்பிவிடாதே.